பாட்டோடு வந்த சாவு

பஸ்ஸில் பாட்டுப் போட்டால் எழுந்துபோய் டிரைவரிடம் நிறுத்தச் சொல்வேன். நிறுத்தமாட்டார். அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிடுவேன். கள்ளக்குறிச்சிக்கும் சின்னசேலத்துக்கும் நடுவே இப்படி இறங்கி நான் வெயிலில் காயாத நிழற்குடை பாக்கியில்லை. என் பிள்ளைகள் என்னைக் கிறுக்கன் என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். யாராவது செல்போனில் ஒரு பழைய பாட்டை அனுப்பி, "கேளுங்க, கண்ணுல தண்ணி வந்துரும்" என்று எழுதினால் அந்த ஆள்மேல் இருந்த மரியாதையும் போய்விடுகிறது. கண்ணில் தண்ணீர் வர வெங்காயம் போதும்.

இசைக்கு உருகாத நெஞ்சும் ஒரு நெஞ்சா என்று கேட்பார்கள். உருகின நெஞ்சங்களைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். அதனால்தான் சொல்கிறேன், குமட்டுகிறது.

பிறக்கும்போதே இப்படி இல்லை. எங்கள் வீடு கள்ளக்குறிச்சிக் கடைவீதிக்குப் பின்னால் இருந்தது. அப்பா, நாங்கள் அத்தா என்போம், மலைச்சரக்கு வியாபாரி. கல்வராயன் மலைச்சனங்களிடம் புளி, கடுக்காய், தேன், சாமை வாங்கிக் கீழே விற்பார். இங்கிருந்து உப்பும் கருவாடும் துணியும் மேலே போகும். எங்களுக்கு எதிர்வீட்டில் ஒரு மைக் செட்காரர் கடை வைத்திருந்தார். பத்துப் பன்னிரண்டு குழாய் ஒலிபெருக்கிகள் வாயைப் பிளந்துகொண்டு அவர் வாசலில் கிடக்கும்.

அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் சேதி தெரிந்துகொள்ள யாரையும் கேட்க வேண்டியதில்லை, காது இருந்தால் போதும். விடியலில் சாமி பாட்டு வந்தால் கோயில் விசேஷம். துள்ளலாய் வந்தால் காதுகுத்து, இல்லாவிட்டால் மஞ்சள் நீர். புதுசாய் வந்த படத்து ஜோடிப் பாட்டாய் வந்தால் கல்யாணம். ஒரே ஆண் குரல் இழுத்து இழுத்துப் புலம்பினால் சாவு. எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பார்த்து எந்தத் தெரு என்றும் சொல்லிவிடுவார்கள். எங்கள் ஆட்கள் வீட்டில் மட்டும் சாவுக்குச் சத்தம் கிடையாது. பள்ளிவாசலில் ஒரு வரி சொல்வார்கள். ஆண்கள் தொப்பியைப் போட்டுக்கொண்டு நடப்பார்கள், பெண்கள் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொள்வார்கள். உரக்க அழுதால் பெரியவர்கள் அதட்டுவார்கள்.

அத்தாவுக்குப் பாட்டு என்றாலே ஆகாது. வீட்டில் ரேடியோ வாங்க விடவில்லை. மைக் செட்காரரோடு அவருக்கு வாரம் ஒரு சண்டையாவது இருக்கும்.

"இன்னாப்பா, காலங்காத்தால உயிர வாங்கற? கம்மி பண்ணு."

"டெஸ்டிங்கு பாய். கம்மியா வெச்சா குழா வேலை செய்யுதான்னு எப்படித் தெரியும்?"

"மயானத்துல போய் டெஸ்ட் பண்ணு. அங்க இருக்கிறவன் கேக்க மாட்டான்."

சண்டை போட்டுவிட்டு இரண்டு பேரும் ஒரே கடையில் டீ குடிப்பார்கள். நானோ அத்தாவுக்குத் தெரியாமல் அந்தக் கடையில் உட்கார்ந்து பாட்டுக் கேட்பேன். எனக்கு அப்போது கல்லூரி முடிந்திருந்தது, வேலை கிடைக்கவில்லை, அத்தாவோடு மலை ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். எவளும் என்னைக் காதலிக்கவில்லை, ஆனாலும் காதல் தோல்விப் பாட்டுக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட ரசிகன்.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. எங்கள் பக்கத்தில் எண்ணிக்கையில் அதிகமான ஒரு சாதிக்காரர்கள் படிப்பிலும் வேலையிலும் தனிப் பங்கு கேட்டு ரோட்டில் இறங்கினார்கள். கேட்டதில் எனக்கு அன்றும் தகராறு இல்லை, இன்றும் இல்லை. அடுத்தவன் கரும்பை வெட்டியே காலம் போன சனம் கேட்காமல் வேறு யார் கேட்பது? அவர்கள் பக்கமும் அடிபட்டார்கள், செத்தார்கள். சாலையோரத்துப் புளியமரங்களை வெட்டி ரோட்டின் குறுக்கே சாய்த்தார்கள். பஸ் நின்றது, பால் நின்றது, தபால் நின்றது.

அது தொடங்கியபோது நானும் அத்தாவும் வெள்ளிமலையில் இருந்தோம். சந்தைக்காகப் போனவர்கள் இறங்க வழியில்லாமல் மாட்டிக்கொண்டோம். சரக்கு போட்டுவைக்க அங்கே எங்களுக்கு ஒரு அறை இருந்தது. அதிலேயே சோறு பொங்கித் தின்றுகொண்டு கிடந்தோம். ஒரு நாள் காலையில் அத்தா கடுக்காயில் சொத்தை பொறுக்கிக்கொண்டிருந்தார். நெஞ்சை என்னவோ பண்ணுகிறது என்று புளி மூட்டைமேல் சாய்ந்தார். தண்ணீர் கேட்டார். நான் குடத்தைச் சாய்த்துச் சொம்பில் பிடித்துத் திரும்புவதற்குள் முடிந்துவிட்டது.

மலைச்சனங்கள் நல்லவர்கள். ஒரு வார்த்தை பேசாமல் வந்து நின்றார்கள். வெள்ளை வேட்டி கொண்டுவந்தார்கள். "இங்கயே எடம் தர்றோம், அடக்கிடலாமா?" என்று கேட்டார்கள். எங்கள் வழக்கத்தில் மையத்தை, செத்த உடலை, வைத்திருக்கக் கூடாது, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் மண்ணுக்குள் போக வேண்டும். அந்த ஊர் போனும் அதற்குள் செத்திருந்தது, அம்மாவுக்குச் சேதி சொல்ல வழியில்லை. நாங்கள் மலையில் மாட்டிக்கொண்டோம், மறியல் முடிந்தால் வந்துவிடுவோம் என்று மட்டும்தான் அவளுக்குத் தெரியும். கட்டிய புருஷனின் முகத்தை ஒரு தடவை அவள் பார்க்காமல் நான் மண்ணைத் தள்ள முடியாது. பொழுது சாய்வதற்குள் அவர் முகத்தை அவள் பார்க்க வேண்டும். அன்றைக்கு எனக்கு இருந்த வேலை அது ஒன்றுதான்.

மேலே ஜீப் ஓட்டும் ஒருவர் வருகிறேன் என்றார். நாம் சொன்னால் விடுவார்கள், சாவுக்கு யார் தடை சொல்வார் என்றார். அத்தாவைப் பின்பக்கம் கிடத்தினோம். நீளமான ஆள், கால் வெளியே நின்றது. மலையடிவாரத்தில் முதல் மறியல். கல்லும் முள்ளும்தான் போட்டிருந்தார்கள். எட்டிப் பார்த்தார்கள், முள்ளை இழுத்துவிட்டு வழிவிட்டார்கள். எனக்கு உயிர் வந்தது.

கச்சிராயபாளையத்துக்கு முன்னால் அந்த உயிர் போயிற்று. இரண்டு ஆள் கட்டிப்பிடித்தாலும் அடங்காத புளியமரம் ரோட்டை அடைத்துக்கொண்டு படுத்திருந்தது. அதன் அந்தப் பக்கம் ஒரு கூட்டம். கூட்டத்துக்குப் பந்தல், பந்தலில் மைக் செட். சினிமா மெட்டில் சாதிப் பெருமையை வைத்து எழுதின பாட்டுகள் அலறிக்கொண்டிருந்தன. பாட்டு ஏற ஏறக் கூட்டமும் ஏறும். ஒருவன் அரிவாளால் அடிமரத்தைத் தாளத்துக்குத் தாளம் கொத்திக்கொண்டிருந்தான். அது ஏற்கெனவே சாய்ந்த மரம், அதைக் கொத்துவதால் யாருக்கும் எந்த ஒதுக்கீடும் வரப்போவதில்லை. பாட்டு கொத்தச் சொன்னது, கொத்தினான்.

தலையில் துண்டு கட்டிய ஒரு பருத்த ஆள் ஜீப்பிடம் வந்தார். அவர் வாயிலிருந்து சாராய வாடை அடித்தது. விஷயத்தைச் சொன்னேன். போர்வையை விலக்கி முகத்தைப் பார்த்தார். மூடினார்.

"செரி, ஆனா சாவு மாதிரியே இல்லியே தம்பி."

எனக்குப் புரியவில்லை. "இல்லீங்க, காலையில தவறிட்டாரு" என்றேன்.

"அது தெரியுது. ஒரு அழுவ இல்ல, மேளம் இல்ல, பாட்டு இல்ல. என்னமோ மூட்டை ஏத்திக்கினு போற மாதிரி போறீங்க. இருங்க. தலைவருங்க வருவாங்க, கேட்டுக்கினு சொல்றேன்."

"மரத்த நகத்த வாணாங்க. இந்த ஓரத்துப் பள்ளத்துல கல்லு போட்டா ஜீப்பு ஏறிடும். நாலு பேரு கை குடுத்தா போதும்."

"இருன்னு சொன்னேன் இல்ல."

போய்விட்டார். அவ்வளவு பெரிய கூட்டத்தில் ஒருவனும் எழவில்லை. வெறுப்பு என்றுகூடச் சொல்லமுடியாது, வெறுத்திருந்தால் ஒரு திட்டாவது திட்டியிருப்பார்கள். எங்களைப் பார்த்து அவர்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை. வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. ஜீப் தகரம் கொதித்தது. ஈ மொய்க்க ஆரம்பித்தது. நான் ஒரு அட்டையை வைத்து அத்தாவின் முகத்துக்கு மேலே விசிறிக்கொண்டு நின்றேன். மூக்கில் வைத்த பஞ்சு நனைந்திருந்தது. அதை மாற்ற என்னிடம் வேறு பஞ்சு இல்லை. சட்டைப்பை ஓரத்தைக் கிழித்து மாற்றினேன். பந்தலில் பாட்டு மாறியது, கூட்டம் விசிலடித்தது.

அப்போதுதான் மரத்தைச் சுற்றிக்கொண்டு ஒருவர் வந்தார். எங்கள் எதிர்வீட்டு மைக் செட்காரர். அந்தப் பந்தலுக்கு செட்டு கட்ட வந்தவர் வண்டியோடு அங்கேயே மாட்டிக்கொண்டிருந்தார். போர்வைக்கு வெளியே நின்ற காலைப் பார்த்ததுமே யார் என்று தெரிந்துவிட்டது அவருக்கு.

"பாயா? எப்ப?"

சொன்னேன். அம்மாவுக்குத் தெரியாது என்பதையும், பொழுதுக்குள் போக வேண்டும் என்பதையும், அந்தத் துண்டுக்காரர் சொன்னதையும் சொன்னேன்.

"அவன் சொல்றது நெசந்தான் தம்பி. இவனுங்களுக்குக் கண்ணுல காட்டினா ஏறாது, காதுல உடணும். சாவு கேசட்டு கையில இருக்குது. போடட்டுமா?"

நான் அட்டையை விசிறிக்கொண்டே நின்றேன்.

"பாய்க்குப் புடிக்காது, தெரியும். என்னாண்ட எத்தினி சண்டை போட்டிருக்காரு. ஆனா வேற வழி இல்ல. ரெண்டாவது பாட்டுல எழுந்துருவானுங்க பாரு. என் தொழிலு, எனுக்குத் தெரியும்."

நான் அத்தாவைப் பார்த்தேன். உயிரோடு இருந்தால் எழுந்து நடந்தே போயிருப்பார், பாட்டோடு போகமாட்டார். ஈ அவர் உதட்டில் உட்கார்ந்தது. "போடுங்கண்ணே" என்றேன்.

அவர் போனார். சாதிப் பாட்டு பாதியில் நின்றது. கூட்டம் கத்தியது. ஒரு கீச்சு, ஒரு கரகரப்பு, பிறகு புல்லாங்குழல். பிறகு அந்தக் குரல். யாரோ ஒருவன் தன் அம்மா செத்துப்போனதற்காகப் பாடுகிறான். செத்தது என் அத்தா, புலம்பல் யாரோ ஒருவனின் அம்மாவுக்கு. அது யாருக்கும் இடிக்கவில்லை. முதல் பாட்டில் விசில் நின்றது. அரிவாள்காரன் அரிவாளைத் தரையில் குத்திவிட்டு உட்கார்ந்தான். இரண்டாவது பாட்டில், அவர் சொன்னபடியே, எழுந்தார்கள்.

வந்தார்கள். சும்மா வரவில்லை, அழுதுகொண்டு வந்தார்கள். அதே துண்டுக்காரர் தலைத்துண்டை அவிழ்த்து வாயில் பொத்திக்கொண்டு, "போய்ட்டியே பாய், போய்ட்டியே" என்று ஜீப் கம்பியில் முட்டிக்கொண்டார். அத்தா யார் என்று அவருக்குத் தெரியாது. கொஞ்சம் முன்னால் மூட்டை என்று சொன்ன வாய் அது. ஒருவன் அத்தாவின் பாதத்தைப் பிடித்து முகத்தில் ஒற்றிக்கொண்டான், அவன் மூக்குச் சளி அத்தாவின் காலில் ஒட்டியது. இன்னொருவன் எங்கிருந்தோ சாமந்தி மாலையைக் கொண்டுவந்தான், பந்தலில் ஏதோ படத்துக்குப் போட்டிருந்த மாலையாக இருக்கும். என்னைக் கட்டிப்பிடித்தார்கள். சாராயமும் வியர்வையுமாய்க் கன்னத்தோடு கன்னம் வைத்து, "அழுவாத தம்பி, அழுவாத" என்றார்கள். நான் அழவில்லை. எனக்கு வாந்தி வந்தது. பள்ளத்தோரம் போய் எடுத்தேன். அதையும் துக்கம் என்று நினைத்து ஒருவன் என் முதுகைத் தடவிக்கொடுத்தான்.

மனசு என்ன ஸ்விட்சா? இந்தப் பக்கம் தட்டினால் வெட்டுவது, அந்தப் பக்கம் தட்டினால் அழுவது? நடுவில் ஒரு செத்த மனுஷன் வெயிலில் கிடந்தாரே, அவருக்கு எந்தப் பக்கம் தட்ட வேண்டியிருந்தது? அந்தக் கண்ணீர் பொய் இல்லை. பொய்யாய் இருந்தால் நான் மன்னித்திருப்பேன். சுத்தமான, நிஜமான, சூடான கண்ணீர். அதில்தான் எனக்கு அருவருப்பு.

பள்ளத்தில் கல் போட்டார்கள். கிளைகளைப் போட்டார்கள். ஜீப்பை ஏறக்குறையத் தூக்கியே அந்தப் பக்கம் வைத்தார்கள். வைத்துவிட்டு விட்டார்களா? இல்லை. "பாட்டோடதான் அனுப்புவோம். இதுக்கு மேல எவனும் உங்கள நிறுத்தக் கூடாது" என்று துண்டுக்காரர் ஆணையிட்டார். மைக் செட்காரர் ஜீப் பேட்டரியில் ஒயரைச் சொருகி, ஒரு குழாயைக் கூரைமேல் கட்டி, தானும் முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.

அவர் கணக்கு தப்பவில்லை. வழி நெடுக மறியல்கள் பாட்டைக் கேட்டே விலகின. மரவள்ளிக் கொல்லையில் வேலையாய் இருந்த பெண்கள் நிமிர்ந்து நெற்றியில் கைவைத்துப் பார்த்தார்கள், சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒரு முடுக்கில் என் கன்னம் ஈரமாய் இருப்பதை உணர்ந்தேன். காலையிலிருந்து வராதது வந்திருந்தது. அத்தாவை நினைத்து வந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். உண்மை என்னவென்றால் அந்தப் பாட்டில் ஒரு இடத்தில் குரல் உடையும், அங்கே எனக்கும் உடைந்தது. மறுபடி அந்த இடம் வந்தபோது மறுபடி உடைந்தது. காறித் துப்பினேன், நின்றபாடில்லை.

கள்ளக்குறிச்சி எல்லை வந்ததும், "போதும்ணே, நிறுத்துங்க" என்றேன்.

"உங்க தெரு முனையிலதான் கடைசி மறியல் இருக்குது. அங்க கல்லு உடுறாங்களாம். தாண்டினதும் நிறுத்திடறேன்."

சொன்னபடி செய்தார். தெரு முனையில் டயர் எரிந்துகொண்டிருந்தது, கையில் கல்லோடு இளவட்டங்கள் நின்றார்கள். பாட்டைக் கேட்டுக் கல்லைக் கீழே போட்டு ஒதுங்கினார்கள். ஜீப் திரும்பியது, பாட்டு நின்றது. திடீரென்று அவ்வளவு அமைதி. பொழுது இன்னும் சாயவில்லை. வந்து சேர்ந்துவிட்டோம் என்று எனக்கு ஒரு மூச்சு வந்தது.

ஆனால் குழாய்ச் சத்தம் ஜீப்புக்கு முன்னாலேயே எங்கள் வீட்டுக்குப் போயிருந்தது. அம்மா தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். கண் இரண்டும் சிவந்து, கன்னமெல்லாம் ஈரம். யாரோ முந்திக்கொண்டு சொல்லிவிட்டார்கள் என்று நினைத்து நான் குதித்து ஓடினேன். அவள் என்னைப் பார்த்து அந்த அழுகையோடேயே சிரித்தாள்.

"வந்துட்டியா. எப்படிடா வந்தே, வழி உட்டானுங்களா? யாரு வூட்டு சாவு இது, பாவம்? தூரத்துல பாட்டு கேட்டதுலேர்ந்து எனுக்கு அழுவ நிக்கவே இல்ல. யாரு பெத்த புள்ளையோ, தாயத் தோத்துட்டு நிக்குது. அந்த வண்டியிலயா ஏறிக்கினு வந்தே? அத்தா எங்க, பின்னால வர்றாரா?"

ஜீப்பின் பின்பக்கம் அவள் பார்வை போகவே இல்லை. பாட்டுப் போட்டுக்கொண்டு வந்த வண்டியில் எங்கள் வீட்டுச் சாவு இருக்காது. அவளுக்கு அதில் சந்தேகமே இல்லை.

அவள் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனேன். மைக் செட்காரர் இறங்கி ஒதுங்கி நின்றார். வெளியே நின்ற பாதத்தைப் பார்த்ததும் அம்மா என் கையை விட்டாள். கத்தவில்லை. போர்வையை விலக்கப் போனேன், அவள் என் கையைத் தடுத்தாள். முந்தானையை எடுத்துத் தன் கண்ணையும் கன்னத்தையும் அழுத்தி, அழுத்தித் துடைத்தாள். வேறு யாருக்கோ அழுத ஈரம் ஒரு சொட்டு இல்லாமல் போகும்வரை துடைத்தாள். அதன் பிறகுதான் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.